பூ கேட்ட நாள்

தம்பிதுரைக்கு ஊரில் சம்பளமில்லாத ஒரு வேலை உண்டு. பெண் எடுக்கவோ கொடுக்கவோ வெளியூர்க்காரர்கள் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வந்தால், சம்பந்தப்பட்ட குடும்பத்தைப் பற்றி விசாரிக்க முதலில் அவருடைய வாழைத் தோட்டத்துக்குத்தான் வருவார்கள். வண்டித்தடத்தில் காரை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, இன்னார் குடும்பம் எப்படீங்க?" என்பார்கள். அவர் பொய் சொல்ல மாட்டார். நல்ல குடும்பம் என்றால் நாலு வார்த்தை நிறைவாகப் பேசுவார். இல்லையென்றால், "நம்ம வாயால என்னத்தைச் சொல்றதுங்க" என்று மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். அது போதும். கார் வந்த வழியே திரும்பிவிடும்.

பக்கத்து ஊர் இளவேனிலைக் கேட்டு வந்தவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். "புள்ள தங்கமான புள்ளைங்க. அம்மாக்காரிக்குத்தான் மண்டை செரியில்லை." அந்தச் சம்பந்தம் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை யாரும் கேட்டு வரவில்லை. இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடமிருக்கும். அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. கேட்டார்கள், சொன்னார், அவ்வளவுதான்.

பதினாறு வயதில் அப்பா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டவர். தண்ணீர் கட்டியே மகனை இன்ஜினியரிங்கும் மகளை பி.எட்.டும் படிக்க வைத்தார். பேச்சுச் சுத்தமான மனுஷன் என்று பெயர். அந்தப் பெயர்மேல் அவருக்கு இருந்த பிரியம், தோட்டத்தின் மேல் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

மகன் கிருபாசங்கர் கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். சித்திரை மாதத்தில் ஒருநாள் ஒற்றைப் பையோடு வந்து இறங்கினான். லீவு என்றான். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதமும் போயிற்று. ஊரார் கேட்டதற்குத் தம்பிதுரை, "ஊட்டுல இருந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்க" என்றார். அவன் அறையில் கம்ப்யூட்டர் பையிலிருந்து வெளியே எடுக்கப்படவே இல்லை.

அவனுக்குப் பிடித்த அரிசியும்பருப்புச் சாதத்தை ஆக்கி, நெய்யை ஊற்றி, முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள் அவன் அம்மா சென்னியம்மாள். அவன் பிசைவான். பிசைந்துகொண்டே இருப்பான். கடைசியில், "போதுமுங்கம்மா" என்று எழுந்துவிடுவான். தண்ணீர் கட்டப் போனால் ஓஸ் பைப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பான். பாத்தி நிரம்பி, பக்கத்துப் பாத்தியும் நிரம்பி, தண்ணீர் தடத்தில் ஓடும். அவன் காலையும் நனைத்துக்கொண்டு ஓடும். அது அவனுக்குத் தெரியாது.

வைகாசியில் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில், மோட்டார் ரூமுக்கு அவனாகவே வந்தான்.

"அப்பா, எனக்கு மனசு செரியில்லீங்க."

"என்ன வெசனம் கண்ணு உனக்கு? வேலையில ஏதாச்சும் பிரச்சனையா?"

"வெசனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அதுதான் எனக்கே புரியலை. காரணமே இல்லாம அழுகை வருதுங்க. கோயமுத்தூர்ல மனசுக்குப் பாக்கற டாக்டர் ஒருத்தர் இருக்கறாங்க. எங்கூட வேலை பாக்கற உவைஸ் சொன்னான். தனியாப் போகத் தெம்பில்லீங்கப்பா. கூட்டிட்டுப் போறீங்களா?"

இருபத்தைந்து வயது மகன், ஐந்தாம் வகுப்பில் காலில் முள் தைத்தபோது கேட்ட அதே குரலில் கேட்டான். தம்பிதுரைக்கு அந்தக் குரல் கேட்டது. கூடவே, தடத்தில் ஒரு கார் வந்து நிற்கிற சத்தமும் கேட்டது. அங்கே காரே இல்லை.

மகள் சண்முகப்பிரியாவுக்கு அப்போதுதான் ஈரோட்டிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. மஞ்சள் மண்டிக்காரர்கள், நல்ல குடும்பம். விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு மாசம் பொறு சாமி. பாப்பா கல்யாணம் கூடி வரட்டும்" என்றார்.

சென்னியம்மாளுக்கு விஷயம் தெரிந்ததும் அவள் விடவில்லை. "காச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போறதில்லீங்களா? இதுக்கு மட்டும் ஏனுங்க பொறுக்கோணும்?"

"காச்சலும் இதும் ஒண்ணா? கூடப் பொறந்தவனுக்கு மண்டை செரியில்லைன்னு எவனாவது ஒருத்தன் வாயைத் தொறந்தாப் போதும். புள்ளயை ஊட்டுல வெச்சுக்க வேண்டியதுதான். நான் பாக்காத விசாரணையா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, "அப்ப நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். அம்மங்கிட்டப் பூ கேட்டுப்போடலாமுங்க" என்றாள்.

பூ கேட்பது அவர்கள் குடும்பத்தில் புதிதல்ல. கிணறு வெட்டுவதற்கு, வீடு கட்டுவதற்கு, சம்பந்தம் முடிப்பதற்கு, எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கிறார்கள். ஒரு வெள்ளரளிப் பூவையும் ஒரு செவ்வரளிப் பூவையும் தனித்தனியே வாழைச்சருகில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். இரண்டு பொட்டணங்களில் ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எதில் எது என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் பொட்டணம் கட்டுகிற பொறுப்பு குடும்பத்தில் மூத்த ஆம்பிளைக்கு. அவர் கோயிலுக்குப் பின்னால் தனியாகப் போய், பறித்து, மடித்து, கையிலேயே மாற்றி மாற்றிக் கலந்து கொண்டுவருவார். அவர்மேல் யாரும் சந்தேகப்படுவதில்லை. சாமி முன்னால் யார் ஏமாற்றுவார்கள்?

அந்த அமாவாசையன்று தம்பிதுரை கோயிலுக்குப் பின்னால் போனார். கை தானாகச் செய்துவிட்டது என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுண்டு. தானாகச் செய்யவில்லை. வெள்ளரளி கைக்கெட்டுகிற உயரத்தில்தான் பூத்திருந்தது. அவர் செவ்வரளிச் செடிக்கு இரண்டு தடவை போனார்.

பூசாரி பாலுசாமி சூடம் காட்டிவிட்டு, "யாருங்க எடுக்கறது?" என்று கேட்டார்.

"நானே எடுக்கறேனுங்க" என்றான் கிருபா.

இடப்பக்கப் பொட்டணத்துக்குக் கையைக் கொண்டுபோனான். என்ன நினைத்தானோ, கையை இழுத்துக்கொண்டான். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தான். பிறகு வலப்பக்கத்துப் பொட்டணத்தை எடுத்தான். அந்த ஒரு நொடியில் தம்பிதுரைக்கு, இவன் எடுக்கிறதில் எப்படியாவது வெள்ளை இருந்துவிடாதா என்று இருந்தது. அம்மன் நினைத்தால் மாற்றிவிட மாட்டாளா என்று நிஜமாகவே ஒரு ஆசை வந்தது.

கிருபா நாரைப் பிரித்தான். சிவப்பு.

வெகுநேரம் அதையே பார்த்தான். "அம்மனே வேண்டாங்குதுங்களாப்பா" என்று சிரித்தான். வருத்தமாகக்கூடச் சிரிக்கவில்லை. யாரோ கணக்கில் ஒரு தப்பைக் காட்டிக்கொடுத்ததும் ஆமாம் என்று ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதன் பிறகு டாக்டர் என்ற பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

ஆடி மாதம் ஈரோட்டுச் சம்பந்தம் நின்றுபோனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜாதகம் சேரவில்லையாம். கிருபாவைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

இனி எதற்குப் பொறுக்க வேண்டும்? அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டதே. சாமி சொன்னதை மீறலாம் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால், ஏன் என்று சென்னியம்மாள் கேட்பாள். தான் கட்டிய முடிச்சில் தானே மாட்டிக்கொண்ட தம்பிதுரை, மறுபடியும் ஒருமுறை பூ கேட்பது என்றும், இந்தத் தடவை இரண்டிலும் வெள்ளையை வைத்துவிடுவது என்றும் முடிவு செய்தார். தீபாவளி நோம்பி கழியட்டும் என்றிருந்தார். அது கழிந்தது. வாழைத்தார் வெட்டி முடியட்டும் என்றிருந்தார். கார்த்திகையில், தார் வெட்டு பாதியில் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை விடிகாலையில் கிருபா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் மாரடைப்பு என்று சொன்னார்கள். எல்லோரும் அதை நம்புகிற மாதிரி நின்றார்கள். மூன்றாம் நாள் கோயமுத்தூரிலிருந்து உவைஸ் வந்தான். பந்தல் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், வேறு எதுவும் கேட்கவில்லை.

"அங்கிள், அந்த டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"சாமி உத்தரவு குடுக்கலைங்க தம்பி" என்றார் தம்பிதுரை.

அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்த ஒன்றரை வருடத்தில் அவர் ஆள் பாதியாகிவிட்டார். விசாரிக்க வருகிறவர்களின் கார் தடத்தில் திரும்புகிற சத்தம் கேட்டால் வாழைக்குள் போய் நின்றுகொள்வார். ஒருதடவை அப்படி நின்றபோது, சென்னியம்மாள் வந்தவர்களிடம், "அவரு ஊர்ல இல்லீங்களே" என்று சொல்வது காதில் விழுந்தது. பத்தடி தூரத்தில் நின்று அதைக் கேட்டார்.

மகள் பிரியா கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாராவாரம் சனிக்கிழமை வருவாள். ஒரு சனிக்கிழமை அவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது தடம் முழுக்கத் தண்ணீராக இருந்தது. எட்டிப் பார்த்தாள். அப்பா ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாத்தி நிரம்பி, அடுத்ததும் நிரம்பி, காலை நனைத்துக்கொண்டு தண்ணீர் ஓடியது.

பிரியா செருப்போடு சேற்றில் இறங்கிப் போய் அவர் கையிலிருந்து பைப்பை வாங்கிக் கீழே போட்டாள்.

"திங்கக்கெழமை கோயமுத்தூர் போறோமுங்கப்பா."

"எதுக்கு அம்மணி?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமுங்க."

"எனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன். அங்கெல்லாம் போனா ஊர்ல என்ன பேசுவாங்க? உனக்கு இன்னும் ஒரு எடம் அமையல..."

"எனக்கோசரம் அவனை மறைச்சு வெச்சீங்க. எனக்குக் கல்யாணமா ஆயிப்போச்சு? அண்ணந்தான் போய்ட்டான். எனக்கோசரம் இன்னொருத்தரையும் மறைக்காதீங்கப்பா. என்னால சொமக்க முடியாதுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, பழகின வாய் தானாகவே பேசியது. "செரி, அம்மங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு..."

"பூ கேக்க வேண்டாமுங்க."

சென்னியம்மாள் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்திருந்தாள். கையில் கரண்டி. அவள் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லி அவர் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

மனைவிக்கும் மகளுக்கும் பின்னால், ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் உள்ளே போனார். காத்திருக்கும் ஹாலில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர் நாற்காலியில் வாழைத்தார் வியாபாரி கண்ணையா. இருபது வருடப் பழக்கம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் சுண்டிப்போயிற்று.

"அடடே, வாங்க வாங்க! என்னுங்க இந்தப் பக்கம்?" என்றார் கண்ணையா.

"பாப்பாவோட சிநேகிதப் புள்ள ஒண்ணு இங்க நர்ஸா இருக்குதுங்க. பாத்துட்டுப் போலாம்னு."

"நானும் அப்படித்தானுங்க. சும்மா இப்படி வந்தேன். உள்ள ஏசி நல்லாருந்துச்சு, உக்காந்துட்டேன்."

"ஆமாங்க. வெய்யல் கொளுத்துதுங்க."

பத்து நிமிடம் இரண்டு பேரும் தார் விலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு நர்ஸ் கதவைத் திறந்து, "கண்ணையா! மாத்திரை தீந்துபோச்சுன்னு சொன்னது நீங்கதானுங்களே? உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். கண்ணையா எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, தம்பிதுரையின் தோளில் கையை வைத்தார்.

"நாலு வருசமா வாரேனுங்க. இப்பத் தூங்கறேன்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாலு வருடம். தம்பிதுரை கணக்குப் போட்டுப் பார்த்தார். கிருபா மோட்டார் ரூமுக்கு வந்து கேட்ட அன்றைக்கு, கண்ணையா இதே நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தவர்தான். ஆடியிலும் ஐப்பசியிலும் தோட்டத்துக்கு வந்து தார் பார்த்துப் போனார். கண்ணையா ஒரு வார்த்தை விட்டிருந்தால்? அவர் விட்டிருக்க மாட்டார். விசாரிக்க வருகிற காருக்குப் பதில் சொல்கிறவர் முன்னால் யார் வாயைத் திறப்பார்கள்?

டாக்டர் ஹர்ஷிணிக்கு மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "வீட்ல வேற யாருக்காவது மனசு சம்பந்தமா ஏதாச்சும் பிரச்சனை இருந்திருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்ற பதில் அவர் நாக்கு நுனியிலேயே இருந்தது. வாழ்நாள் முழுக்க அங்கேதான் இருந்தது. பிரியா அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். சென்னியம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பையனுக்கு" என்றார். "பையனுக்கு இருந்துச்சுங்க. இங்க கூட்டிட்டு வரச் சொல்லிக் கேட்டானுங்க. நான் கூட்டிட்டு வரலைங்க."

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. காலடியில் வைத்த பொட்டணங்கள், செவ்வரளிச் செடிக்கு இரண்டு தடவை போனது, கையை இழுத்துக்கொண்டு அடுத்ததை அவன் எடுத்தது, சிரித்தது, பூவைப் பையில் போட்டுக்கொண்டது. "ரெண்டுலயும் செவப்புதானுங்க டாக்டர். எதை எடுத்திருந்தாலும் செவப்புதானுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஐம்பத்தெட்டு வயது ஆள், வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிரியா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். டாக்டர் அவரை அழ விட்டார். பிறகு, இதுவும் ஒரு நோய்தான் என்றும், மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றும், வாராவாரம் வந்து இப்படிப் பேச வேண்டும் என்றும் சொன்னார்.

மாத்திரைகளை நம்ம ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார் தம்பிதுரை. பிரியா காரை எடுக்கப் போனாள். இரண்டு பேரும் வாசலில் ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் சென்னியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் திட்டட்டும், எழுந்து போகட்டும், எதுவானாலும் சரி என்று இருந்தார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் அவள்.

அவர் திரும்பினார்.

"அன்னைக்கு இன்னொரு பொட்டணம் அம்மன் காலடியிலயே கெடந்துச்சு. குங்குமம் எடுக்கறப்ப அதை எடுத்து மடியில கட்டிட்டு வந்தனுங்க. ஊட்டுக்கு வந்து பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் செவப்பு."

தெருவில் ஒரு பஸ் போயிற்று.

"அன்னைக்கேவா? ஏஞ் சென்னி சொல்லலை? ஒரு வார்த்தை கேட்டிருந்தீன்னா..."

"கேக்கோணும்னுதானுங்க வந்தேன். நீங்க கட்டுத்தரையில மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுட்டு இருந்தீங்க. பக்கத்துல வரைக்கும் வந்தேன்." அவள் முந்தானை நுனியை மறுபடியும் சுற்றினாள். "எனக்கும் பாப்பாவை நெனைச்சுப் பயமா இருந்துச்சுங்க. நீங்க பண்ணதுல எனக்கு... எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க. பழி உங்க மேல இருக்கட்டும்னு பூவைக் கொண்டுபோய் வாய்க்கால்ல போட்டுப்போட்டேன்."

கார் வந்து நின்றது. பிரியா ஹாரன் அடித்தாள். இரண்டு பேரும் எழவில்லை. அவள் மறுபடியும் அடித்தாள்.

கோபியில் மைதீன் பிச்சையின் மருந்துக்கடை முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் தெரிந்த முகம். மைதீன் பிச்சை சீட்டைப் பார்த்தார், தம்பிதுரையைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்குங்க இது?"

"எனக்குத்தானுங்க."

மைதீன் பிச்சை மாத்திரை அட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரை எடுத்தார்.

"கவர் வேண்டாமுங்க. அப்படியே குடுங்க" என்றார் தம்பிதுரை. நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். விசாரித்தவர்களுக்குச் சொல்கிற அதே நிதானமான குரல் எங்கிருந்தோ வந்தது. "மனசு செரியில்லீங்க. கோயமுத்தூர் டாக்டரைப் பாத்துட்டு வாரேன். எம் பையனுக்கும் இதேதானுங்க இருந்துச்சு. அவனுக்கு மாரடைப்பெல்லாம் இல்லீங்க."

நின்றவர்களில் ஒருவர், அவர் காருக்குப் போக வழிவிட்டு நகர்ந்து நின்றார்.

சாப்பிட்டு முடித்ததும் சென்னியம்மாள் டம்ளரில் தண்ணீரோடு வந்தாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். சின்ன மாத்திரை. வெள்ளையாக இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ் சென்னி, அவனுக்கும் இதையேதான் குடுத்திருப்பாங்களா?"

"தெரியலீங்க" என்றாள் அவள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "தண்ணியக் குடிங்க."